கூட்டாளிமார் காத்த படங்கள்: '43 குழு'வும் ஒரு கடற்கரையும்

போன மாரிக்கு எங்கட கூட்டாளி ஒருத்தன் கீறிய பதினாலு படங்கள் நனைந்துபோயின. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, செட்டிபாளையத்தில் எங்களில் ஒருவருடைய வீட்டில் வைத்துவிட்டுப் போனவை. "கவனமாப் பாத்துக்கங்கடா, வந்து எடுப்பன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நாங்களும் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தோம். அதோடு மறந்தும் போனோம். மேலே ஓடு ஒன்று விலகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தைப் பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது அம்மாதான் கண்டார். ஒன்பது படங்கள் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஐந்துதான் மிஞ்சியது.

அவனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சில மாதங்கள் ஓடிவிட்டன. அந்த மாதங்களில்தான் இலங்கை ஓவிய வரலாற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். உண்மையைச் சொன்னால், குற்ற உணர்ச்சியில் தொடங்கிய வாசிப்பு அது. ஓவியர்கள் போனபிறகு அவங்கட படங்களுக்கு என்ன நடக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள், ஏன் வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனதில் ஐவன் பீரிஸ் என்ற ஓவியரிடம் வந்து நின்றோம். அவரைச் சுற்றி இருந்த கூட்டாளிகளின் கதைதான் இந்தக் கட்டுரை.

இருபத்திரண்டு வயதுப் பொடியன்

1943 ஓகஸ்ட் 29. கொழும்பு, கில்ட்போர்ட் கிறசன்ற் வீதியில் லயனல் வென்ற் என்பவருடைய வீடு. அங்கே ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. பிற்பாடு '43 குழு' என்று வரலாற்றில் பேர் எடுத்த ஓவியர் குழு அன்றைக்குத்தான் பிறந்தது. இலங்கையின் நவீன ஓவியம் என்று யார் பேசத் தொடங்கினாலும் அந்தத் திகதியைத் தொடாமல் போக முடியாது.

அந்தக் குழுவை உண்டாக்கவேண்டும் என்று முன்னுக்கு நின்று ஓடித்திரிந்தவர் ஐவன் பீரிஸ். 1921இல் பிறந்தவர், தெகிவளைக் கடற்கரையோடு வளர்ந்தவர். அப்படியானால் அன்றைக்கு அவருக்கு எத்தனை வயது? இருபத்திரண்டு. எங்கட கம்பஸ் கடைசி வருஷக்காரருடைய வயது. குழுவில் இளையவரான றிச்சட் கேப்ரியல் பிறந்தது 1924இல். அவருக்குப் பத்தொன்பது. இந்த வயதுகளைக் கணக்குப் பார்த்தபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைக்கு அடி விழுந்தது. அதே நாள் 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கட மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் செத்தார்கள். அந்தக் கப்பல் இன்றைக்கும் எங்கட கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. அது மூழ்கி ஒன்றரை வருஷம் ஆக முதல், இந்தத் தீவின் மறுகரையில் ஒரு இருபத்திரண்டு வயதுக்காரர், 'நாங்கள் எங்கட கண்ணால் பார்த்துப் படம் கீறவேண்டும்' என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். போர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

எதற்காகப் புதுக்குழு? ஏற்கெனவே இலங்கைக் கலைச் சங்கம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஒரு அமைப்பு இருந்தது. அதன் கண்காட்சிகள்தான் ஓவியருக்கான ஒரே பெரிய மேடை. அங்கே செல்லுபடியானது விக்டோரியாக் காலத்து ஆங்கிலேய ரசனை: அச்சு அசலாகக் கீறிய காட்சிகள், உருவப் படங்கள். பிக்காசோவும் மத்தீசும் உலகத்தை மாற்றி இருபது முப்பது வருஷம் ஆகியும், அஜந்தாவும் சிகிரியாவும் பக்கத்திலேயே இருந்தும், அந்தச் சுவரில் இரண்டுக்கும் இடமில்லை. அந்தச் சுவரை உடைக்கச் சண்டை பிடிப்பதைவிட, வேறொரு சுவரைத் தேடுவது நல்லது என்று இவர்கள் முடிவெடுத்தார்கள். அதே வருஷம் நவெம்பரில் முதல் கண்காட்சியை வைத்தும் விட்டார்கள்.

ஒரே பாணி இல்லாத கூட்டம்

குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால், இவர்கள் எப்படி ஒரே மேசையில் இருந்தார்கள் என்று ஆச்சரியம் வரும்.

கண்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற். அப்போதே பேர் பெற்ற ஓவியர், கவிஞர். பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் புத்தர் வாழ்க்கையை 1939-40இல் கீறி முடித்திருந்தார். ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். ஜஸ்ரின் தரணியகல வசதியான வீட்டுப் பிள்ளை. கேம்பிறிஜில் சட்டம் படிக்கப்போய், அதை விட்டுவிட்டு லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் படித்தவர். ஜோர்ஜ் கிளாசன் கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் வரைபடம் கீறும் உத்தியோகத்தர். ஓவியத்தைத் தானாகவே பழகியவர். ஓப்ரி கொலெற் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். மஞ்சுசிறி அப்போது பிக்குவாக இருந்தவர். விகாரை விகாரையாகப் போய்ப் பழைய சுவரோவியங்களைப் பிரதி எடுத்தவர். ஜெப்றி பீலிங் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகர். ஹரி பீரிஸ் லண்டனிலும் பாரிஸிலும் படித்து, சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பிய உருவப்பட ஓவியர். (ஐவன், ஹரி இருவரும் 'பீரிஸ்' என்றாலும் வேறு வேறு குடும்பம். குழம்பாமல் இருக்க இந்தக் கட்டுரையில் ஐவன், ஹரி என்றே எழுதுகிறோம்.)

இன்னொரு பேர். எங்களை நிமிர்ந்து இருக்கவைத்த பேர். எஸ்.ஆர்.கனகசபை, யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர். அவரும் அந்தத் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். அவரிடம் பிறகு வருகிறோம்.

இவர்களுக்குப் பொதுவான பாணி கிடையாது. எல்லாரும் இப்படித்தான் கீறவேண்டும் என்ற அறிக்கையும் கிடையாது. கீற்றின் படத்தையும் தரணியகலவின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நாட்டு ஆட்கள் என்றுகூடச் சொல்லமாட்டோம். கீற்றிடம் கோடு வளைந்து வளைந்து பாடும். தரணியகலவிடம் நிறம் கொதிக்கும். அப்படியென்றால் எது இவர்களைக் கட்டிவைத்தது? எங்களுக்குப் படுவது, நட்பு மட்டும்தான். ஒருவரையொருவர் தன்னைப்போல மாற்றப் பார்க்காத நட்பு. குழு என்றாலே கொள்கை வேண்டும், கொடி வேண்டும், தலைவர் வேண்டும் என்று நினைத்து, மூன்று கூட்டத்தோடு உடைந்துபோன எத்தனையோ வட்டங்களை நாங்கள் கம்பஸிலேயே கண்டிருக்கிறோம். அதனால் இந்த விஷயம் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கதவு திறந்திருந்த வீடு

இந்த நட்பின் நடுவில் இருந்தவர் லயனல் வென்ற். 1900இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாக உலகத் தரமான புகைப்படக் கலைஞர். 1934இல் பசில் றைற் எடுத்த 'இலங்கையின் பாடல்' என்ற ஆவணப்படத்தில் கேட்கும் குரல் அவருடையதுதான்.

1929இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்புக்கு வந்த ஒரு இளம் கவிஞர், வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு வீட்டில் தனியாகக் கிடந்தார். அவர்தான் பப்லோ நெரூடா. அப்போது அவருக்கும் இருபத்தைந்து வயதுதான். வாசிக்க ஒன்றுமில்லாமல் தவித்த அவருக்கு, சைக்கிளில் சாக்குக் கட்டிப் புத்தகம் புத்தகமாக அனுப்பிவைத்தவர் வென்ற். நெரூடா தன் நினைவுக் குறிப்புகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

நண்பன் என்றால் என்ன என்பதற்கு எங்களிடம் பெரிய வரைவிலக்கணம் எதுவும் இல்லை. ஆனால் வேற்று நாட்டுப் பொடியன் ஒருவன் தனித்துக் கிடக்கிறான் என்று தெரிந்து, ஒரு சாக்குப் புத்தகம் அனுப்புகிற ஆள் நண்பன்தான். கீற்றின் படங்களை ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும், 43 குழுவுக்குக் கூடிப்பேச வீட்டைத் திறந்துவிட்டதிலும் இதே குணம்தான்.

1944 டிசம்பர் 19இல் வென்ற் இறந்தார். வயது நாற்பத்துநான்கு. குழு தொடங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. நடுத்தூண் சரிந்தால் கூரை விழும் என்பதுதானே வழமை? விழவில்லை. அவர் எடுத்த படங்களை 1950இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அவருடைய வீடு இருந்த அதே இடத்தில் 1953இல் அவருடைய பெயரில் ஒரு அரங்கு எழுந்தது. இன்றைக்கும் கொழும்பில் நல்ல நாடகம் பார்க்கப் போகிறவர் போவது அந்த லயனல் வென்ற் அரங்குக்குத்தான்.

போனவரும் இருந்தவரும்

1946இல் ஐவனுக்கு அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. ஓவியம் படிக்க லண்டன் போனார். அடுத்த வருஷம் அவருடைய அண்ணனும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்த அண்ணன் யார் என்று நினைக்கிறீங்க? லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956இல் 'ரேகாவ' எடுத்து சிங்கள சினிமாவின் போக்கையே மாற்றியவர். ஒரு வீட்டில் இருந்து இரண்டு பேர். ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்து கிராமத்தை கமெராவால் பார்த்தார். மற்றவர் 1949இல் திரும்பி வந்தாலும், 1953இல் மறுபடி இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டார்.

ஐவன் பிறகு வாழ்ந்தது சவுத்எண்ட் என்ற கடலோர ஊரில். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அது. கடல் வற்றும்போது கிட்டத்தட்ட ஒரு மைல் தூரத்துக்குச் சேறு தெரியும். அதனால்தான் அங்கே இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் நீளமான பாலத்தைக் கடலுக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது பாலமீன்மடு முகத்துவாரம். ஆறும் கடலும் கலக்கிற இடத்து வெளிச்சம் எங்கே இருந்தாலும் கொஞ்சம் ஒரே மாதிரித்தான் இருக்கும்போல.

அந்தக் குளிர்க் கடற்கரையில் இருந்துகொண்டு ஐவன் கீறியது எதை? தெகிவளையை. தான் பிறந்து வளர்ந்த தென்மேற்குக் கரையை. கடல், மணல், ஒன்றிரண்டு மரங்கள், கரையில் சும்மா நிற்கிற மனிதர்கள். முப்பத்தைந்து வருஷம் திரும்பத் திரும்ப அதே கரை. பார்த்துக் கீறியது அல்ல, நினைத்துக் கீறியது. அதனால் அந்தப் படங்களில் விபரம் குறைந்துகொண்டே போகும், அமைதி கூடிக்கொண்டே போகும். எந்த ஊர், எத்தனை மணி என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒருவர் யாருக்காகவோ காத்து நிற்கிறார் என்பது மட்டும் தெரியும்.

இயற்கை பற்றி இந்தப் படங்கள் எங்களுக்கு ஒன்றைச் சொல்லித்தந்தன. மட்டக்களப்பை யார் கீறினாலும் கல்லடிப் பாலம், வெளிச்சவீடு, கோட்டை, பாடுமீன் என்று நாலு விஷயத்துக்குள் சுற்றுவோம். நாங்களும் அப்படித்தான். செட்டிபாளையத்தில் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. நடுவில் கல்முனை வீதியும் தென்னந்தோப்பும் எங்கட வீடுகளும். இவ்வளவு இருந்தும் எங்கட படங்களில் வாவி தபால் அட்டை மாதிரித்தான் வரும். விடியற்காலையில் தோணியில் இருந்து வலையை உதறுகிற ஆளின் முதுகு வராது. மாரியில் வாவி பெருகி வளவுக்குள் ஏறி நிற்கிற பழுப்புத் தண்ணி வராது. 2004க்குப் பிறகு கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத பெரியம்மா வரமாட்டார். ஐவன் கடலை அழகு என்பதற்காகக் கீறவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது. அது அவருக்குப் பிரிவு. பிரிவைக் கீற அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து அந்தக் கரைதான்.

ஐவன் மட்டும் போகவில்லை. கிளாசன் முதலில் ஆஸ்திரேலியாவுக்கும் பிறகு லண்டனுக்கும் போனார். கொலெற் அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போனார். கேப்ரியல்கூட கடைசிக் காலத்தில் மெல்பேர்ன் போய், 2016இல் அங்கேதான் கண்மூடினார். குழு வெளிநாட்டிலும் பேர் எடுத்தது. 1952இல் லண்டனில் கண்காட்சி, 1953இல் பாரிஸில் கண்காட்சி. 1956 வெனிஸ் கண்காட்சியில் தரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. ஆனால் அறுபதுகள் வரும்போது ஆளுக்கொரு திசை. கண்காட்சிகளும் குறைந்து நின்றுபோயின.

இந்த இடத்தில்தான் ஹரி வருகிறார்.

ஐவனின் இளவயது ஆசிரியர் ஹரி. ஐவன் தான் கற்றதைப் பள்ளிக்கூடப் பொடியனாக இருந்த கேப்ரியலுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு அவரையும் ஹரியிடம் கூட்டிக்கொண்டு போனார். இப்படி ஆள் ஆளாகக் கைபிடித்து வந்த சங்கிலி அது. குழுவின் செயலாளராக இருந்து கடிதம் எழுதியது, ஆட்களைக் கூட்டியது, கணக்குப் பார்த்தது எல்லாம் ஹரிதான். மற்றவர்கள் போனபிறகும் அவர் போகவில்லை. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் இருந்த தன்னுடைய வீட்டில் கூட்டாளிகளுடைய படங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1974இல் அந்த வீட்டையும் படங்களையும் சபுமல் நிறுவனம் என்ற அறக்கட்டளை ஆக்கினார். 43 குழுவின் படங்களை ஒரே கூரைக்குக் கீழே பார்க்கவேண்டுமென்றால் இன்றைக்கும் அங்கேதான் போகவேண்டும்.

ஹரியும் ஐவனும் ஒரே வருஷத்தில் இறந்தார்கள். 1988. ஒருவர் கொழும்பில், மற்றவர் சவுத்எண்டில். அடுத்த வருஷம் லண்டனில் நடந்த 'மற்றக் கதை' என்ற பெரிய கண்காட்சியில் ஐவனின் படங்களும் தொங்கின. பிரித்தானியாவில் வாழ்ந்தும் பிரித்தானியா கணக்கில் எடுக்காத ஆசிய, ஆபிரிக்க, கரீபிய ஓவியர்களின் கண்காட்சி அது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நல்ல படம் கீறிய ஐவனைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. படங்களைப் பாதுகாத்த ஹரியைப் பற்றி மக்கள் பேசுவது குறைவு. அவரும் நல்ல ஓவியர் என்பதே பலருக்குத் தெரியாது. எங்கட அலுமாரியை நினைத்துக்கொண்டு வாசித்த எங்களுக்கு, இந்தக் கதையில் பெரிய ஆள் ஹரி என்றுதான் தோன்றுகிறது.

ஆனாலும் சில கேள்விகள்

இதையெல்லாம் வாசித்துக் கனவு காண்பது லேசு. நேர்மையாகச் சில விஷயங்களைச் சொல்லத்தான் வேண்டும். வென்ற்றின் வீடு பெரிய வீடு. தரணியகலவுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தேவை இருக்கவில்லை. கொழும்பு, ஆங்கிலம், காசு, இந்த மூன்றும் அந்த நட்புக்குப் பின்னால் இருந்தன. தொடக்கக் கூட்டத்துப் பெயர்களில் ஒரு பெண் பெயரும் இல்லை. பின்னேரம் ரியூசன் வகுப்பு எடுத்து, அந்தக் காசில் நிறம் வாங்குகிற எங்கட ஆட்களுக்கு இது முழுக்கப் பொருந்தாது.

அதனால்தான் கனகசபையின் பெயர் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

1920களில் கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராக இருந்தவர் சி.எப்.வின்சர். மாதிரிப் படத்தைப் பார்த்துப் பிரதி பண்ணும் பாடத்தை விட்டு, பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்துக் கீறவேண்டும் என்று ஊக்கம் கொடுத்தவர். கீற், பீலிங் எல்லாம் அவருடைய ஊக்கத்தில் வளர்ந்தவர்கள்தான். அவருடைய பெயரில் 1938இல் யாழ்ப்பாணத்தில் 'வின்சர் சித்திரக் கழக'த்தைத் தொடங்கினார் கனகசபை. கவனியுங்கள், 43 குழுவுக்கு ஐந்து வருஷம் முந்தி. கொழும்பு மாளிகையில் அல்ல. பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர்கள் லீவு நாட்களில் கூடிக் கீறிய கழகம். வசதி இல்லாதவர்களாலும் குழுவாக இயங்க முடியும் என்பதற்கு எங்கட மொழியிலேயே இருக்கிற சாட்சி இது. கொழும்புக் குழுவைப் பற்றித் தடித்த புத்தகங்கள் வந்துவிட்டன. இந்தக் கழகம் சில கட்டுரைகளுக்குள் அடங்கிவிட்டது.

அதற்கு அடுத்த தலைமுறையில் வருகிறார் அ.மாற்கு. எல்லாரும் 'மாற்கு மாஸ்ரர்' என்று சொல்லும் குருநகர்க்காரர். 1933இல் பிறந்தவர். கொழும்பில் ஓவியம் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியராக வாழ்ந்தவர். நவீன ஓவியத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்று அவருக்கு ஒரு சிறப்பு மலர் வந்தது. ஒரு சித்திர ஆசிரியருக்கு, போர் நடந்துகொண்டிருந்த ஊரில், கூடியிருந்தவர்கள் எடுத்த மலர்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது மாற்குவும் வெளிக்கிட்டார். இடம்பெயர்வில் படங்கள் தொலைந்தன. கையில் கொண்டுபோகக்கூடிய பொருளா படம்? அரிசியையும் பிள்ளையையும் தூக்குகிற கைக்கு எங்கே இடம்? 2000ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருக்கு ஒரு ஹரி வாய்க்கவில்லை என்று எழுதத் தொடங்கினோம். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டோம். ஏனென்றால் ஹரியின் வீட்டுக் கூரையில் ஷெல் விழவில்லை. படங்களைக் காக்க நல்ல கூட்டாளி மட்டும் போதாது, கூட்டாளி நிலையாக இருக்க ஒரு வீடும் வேண்டும், அந்த வீடு இருக்க ஒரு அமைதியும் வேண்டும். தமிழ் ஓவிய வரலாற்றில் காணாமல்போன பக்கங்களுக்குக் கவலையீனம் மட்டும் காரணமல்ல என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது.

ஆனால் மாற்கு மாஸ்ரருக்கு மாணவர்கள் வாய்த்தார்கள். அவர்களில் ஒருவர் கமலா வாசுகி. பெண்களின் வலியையும் பலத்தையும் கீறிய ஓவியர். அவர் பல வருஷங்களாக வாழ்ந்து இயங்குவது வேறெங்கும் இல்லை, எங்கட மட்டக்களப்பில். வின்சர், கனகசபை, மாற்கு, வாசுகி. நேராக ஒருவர் கையில் இருந்து ஒருவர் கைக்குப் போன தடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆசிரியராகவும் நண்பராகவும் கூடிக் கீறுகிற வழக்கம் ஒன்று வடக்கில் இருந்து இந்த வாவிக்கரை வரைக்கும் வந்திருக்கிறது. தொண்ணூறு சொச்ச வருஷத்துக் கதை. கல்லடியில் விபுலாநந்தர் பெயரில் இருக்கிற நிறுவகத்தில் இன்றைக்கு ஓவியம் படிக்கிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் அந்தக் கதையின் அடுத்த பந்திதான்.

மறுகா என்ன?

இந்தக் கட்டுரையை முடிக்க முதல் அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தோம். சொல்லாமல் நட்பைப் பற்றி எழுதுவது பொய்யாக இருக்கும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வீடியோவில் எடுத்தோம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், கடைசியில் அந்த வீட்டுக்காரர்தான் சொன்னார்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "எந்த அஞ்சு மிஞ்சிருக்கு?" என்று கேட்டான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினோம். "தோணிப் படம் இல்லையா?" என்றான். இல்லை. அதுதான் முதலில் ஒட்டிப்போனது. அவனுடைய அப்பப்பாவின் தோணி அது. அப்பப்பா இப்போது இல்லை, தோணியும் இல்லை.

"கோவமாடா?" என்று கேட்டோம்.

"கோவம்தான்" என்றான். "இல்லெண்டு சொன்னா நம்புவீங்களா?" பிறகு, "மறுகா என்ன, அந்த அஞ்சையும் நல்ல வெளிச்சத்தில வெச்சுப் போட்டோ எடுத்து அனுப்புங்க. நனைஞ்சதையும் எறியாதீங்க" என்றான்.

அதைச் செய்துவிட்டோம். அதோடு ஒரு கொப்பியும் போட்டிருக்கிறோம். எங்கட வட்டத்தில் யார் என்ன கீறினார், எந்தத் திகதி, எந்த அளவு, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதுகிற கொப்பி. சாதாரண எண்பது பக்கக் கொப்பிதான். முதல் பக்கத்தில் அவனுடைய பதினாலு படங்களின் பெயரும் இருக்கிறது. ஒன்பதுக்கு நேரே 'சேதம்' என்று எழுதியிருக்கிறது. 1943 ஓகஸ்ட் 29 என்ற திகதி இன்றைக்கு எங்களுக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒருவர் அன்றைக்கு அதை எழுதிவைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

உங்கட வீட்டு அலுமாரி மேலும் யாராவது விட்டுப்போன படமோ கவிதைக் கொப்பியோ இருக்கலாம். மாரி வருவதற்கு முதல் ஒருக்கா எடுத்துப் பாருங்க. அப்படியே கூரை ஓட்டையும் பாருங்க.

தோணியை அவன் திரும்பக் கீறத் தொடங்கியிருக்கிறான். கட்டாரில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் இருந்து, வாவியைப் பார்க்காமல். போன கிழமை அனுப்பிய படத்தில் தோணி மட்டும்தான் இருக்கிறது. மரம் இல்லை, கரை இல்லை, தண்ணியும் பாதிதான். "மிச்சம் ஞாபகம் வரல்ல" என்று கீழே எழுதியிருந்தான். ஞாபகம் வரட்டும் என்று நாங்கள் வாவிக்கரையைப் போட்டோ எடுத்து அனுப்பப் போனோம். பிறகு ஐவனை நினைத்துக்கொண்டு, அனுப்பாமல் விட்டுவிட்டோம்.